கேக் டின் சொன்ன யோசனை

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. அந்த வீட்டின் பின்கதவை ஒட்டி ஒரு மர அலமாரி நின்றது. அதன் உச்சித் தட்டில் ஒரு கேக் டின் குடியிருந்தது. பக்கத்து ஆணியில் ஒரு துணிப்பை தொங்கியது. இரண்டுக்கும் பல வருஷப் பழக்கம். சண்டை சச்சரவு கிடையாது. கீழ்த்தட்டுக்கு ஒரு ஜோடி ஷூ வந்து சேர்ந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது.

வீட்டுக்காரி பெயர் கிருபாவதி. பிள்ளைகள் வளர்ந்து, வேலை கிடைத்து, ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். வீட்டில் அவள் மட்டும்தான்.

கேக் டின்னுக்குத் தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உண்டு. இருக்காதா பின்னே? கிறிஸ்மஸ் வந்தால் அந்த வீட்டில் ராஜபோகம் அதற்குத்தான். முட்டையும் சர்க்கரையும் நுரைக்க நுரைக்க அடித்து, ஊறிய பழங்களைப் போட்டு, மாவை ஊற்றியதும், கிருபாவதி இரண்டு உள்ளங்கையையும் டின்னின் விளிம்பில் வைத்துக் கண்ணை மூடுவாள். "ஆண்டவரே, நல்லா எழும்பி வரணும்" என்பாள். அப்புறம் ஒரு வெள்ளைத் துணியால் மூடி, தெருமுனை பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவாள்.

அந்தத் தெருவில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். மாவு வீட்டில் கலக்குவார்கள். வேகவைப்பது பேக்கரியின் விறகு அடுப்பில். பன்னும் ரொட்டியும் வெந்து வெளியே வந்த பிறகு, அடங்கிய சூட்டில் தெருக்காரர்களின் டின்கள் வரிசையாக உள்ளே போகும். மாறிப் போகாமல் இருக்க, ஒவ்வொரு டின்னின் அடியிலும் ஆணியால் குத்திய பெயர் இருக்கும். நம் டின்னின் அடியில் 'கிருபா' என்று இருந்தது. அந்த மூன்று எழுத்தை நினைத்தே அது வருஷம் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

பிறகு கிருபாவதிக்குச் சர்க்கரை வியாதி வந்தது. மகன் ஜெபசிங் லீவில் வந்தபோது டின்னைக் கையில் எடுத்தான்.

"கேக் வீட்டுல இருந்தா உங்க கை சும்மா இருக்காதும்மா" என்று சொல்லி, அவள் கைக்கு எட்டாத உச்சித் தட்டில் வைத்துவிட்டுப் போனான். அந்த வருஷக் கிறிஸ்மஸ் அதைத் தொடாமலே போய்விட்டது.

அடுத்த லீவுக்கு வந்தபோது அவனே அந்த ஷூக்களை வாங்கிவந்தான்.

*

இப்போது காலையில் நடப்பது இதுதான். கிருபாவதி எழுந்து, முகம் கழுவி, அலமாரிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவாள். குனிந்து ஷூ மாட்டுவாள். நாடாவைக் கட்டும்போது கண்ணை மூடி, "ஆண்டவரே, என் காலுக்குப் பெலன் தாரும்" என்பாள். பிறகு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவாள். ஓட்டம் என்றால் பெரிய ஓட்டமில்லை. கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம், வேப்பமரம் வந்ததும் கொஞ்சம் மூச்சு வாங்கல்.

மேலே இருந்து டின் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு வயிறு எரியும்.

"பாத்தியாட்டி?" என்று பையிடம் சொல்லும். "எனக்குச் சொல்லுத ஜெபத்தத் தூக்கி அந்தப் பயலுவளுக்குக் குடுத்துட்டா. அதுவும் மண்ணு மிதிக்குத பயலுவளுக்கு!"

"ஜெபம் என்ன, நம்ம சொத்தாக்கா?" என்று பை சிரிக்கும். சனிக்கிழமை தோறும் நூலகத்துக்குப் போய்வரும் பை அது. பழைய ஜன்னல் திரையில் தைத்தது. நிதானமான சுபாவம்.

ஷூக்கள் இரண்டும் வெளியே போய்விட்டு வந்தால் சத்தம் தாங்காது. ஒன்று பாதி சொன்னால் மற்றது மீதி சொல்லும்.

"பெரியம்மா, இன்னைக்கு மைதானத்துல ஒரு கீரிப்பிள்ளை..."

"குறுக்க ஓடிச்சு பெரியம்மா! நம்ம அம்மா ஐயோன்னு நின்னாங்க..."

"அப்புறம் சிரிச்சுட்டாங்க!"

"உங்க ஊர்க்கதையெல்லாம் நான் கேட்டனா?" என்று டின் வெடுக்கென்று சொல்லும். "காலைக் கழுவிட்டுப் பேசுங்கல. நாத்தம் மேல வரைக்கும் வருது."

ஷூக்கள் வாயை மூடிக்கொள்ளும். சற்று நேரம்தான். பிறகு தங்களுக்குள் கீரிப்பிள்ளையைப் பற்றிக் குசுகுசுவென்று ஆரம்பித்துவிடும். கீழே சிரிப்புச் சத்தம் கேட்கக் கேட்க, மேலே டின்னுக்கு, அவை தன்னைத்தான் கேலி செய்கின்றன என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை நூலகத்திலிருந்து திரும்பிய பை, ஆணியில் மாட்டப்பட்டதும் மெதுவாகச் சொன்னது.

"அக்கா, அம்மா எதுக்கு இந்த ஓட்டம் ஓடுதாங்கன்னு இன்னைக்குத் தெரிஞ்சுது. நூலகத்துல புஸ்தகம் எடுத்துக் குடுக்குத மல்லிகாம்மாட்ட சொல்லிட்டு இருந்தாங்க..."

"எனக்கு வேண்டாம்."

"கேளுங்கக்கா, உங்களப் பத்தித்தான்..."

"ஏட்டி, நீ அவனுவ கட்சி. அவனுவளும் வெளிய போறானுவ, நீயும் வெளிய போற. உள்ள கெடந்து துருப்பிடிக்குதது நான் ஒருத்திதான். நீங்க எல்லாரும் சேந்து எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்."

பை மறுபடி வாயெடுத்தது. டின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. பொறாமை பிடித்தவர்களிடம் நல்ல செய்தி சொல்வதுதான் எவ்வளவு கஷ்டம்! காது திறந்துதான் இருக்கும், ஆனால் உள்ளே இடம் இருக்காது.

*

அந்த வீட்டுக்கு ஓர் அணில் வந்துபோகும். மதியம் கிருபாவதி சாப்பிட்டுக் கட்டிலில் சாயும் நேரம் பார்த்து, ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து, அடுப்படியில் சிந்தியதைப் பொறுக்கும். நிறைமாதக்காரி. அன்றைக்கு அலமாரி மேலே ஏறி உட்கார்ந்து ஒரே புலம்பல்.

"கூடு கட்டியாச்சுக்கா. தேங்கா நாரு வெச்சுப் பாத்தேன், குத்துது. பிள்ளைங்க எப்படிப் படுக்கும்? ஒரு மெத்து மெத்துன்னு ஏதாவது கெடைக்காதா?"

டின் ஒரு நிமிஷம் பேசவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் எத்தனையோ நல்ல எண்ணம் வந்திருக்கலாம். அதற்கு வந்தது வேறு.

"கீழ்த்தட்டுல பாரு" என்றது. "அந்த ஷூவுக்குள்ள அருமையான பஞ்சு மெத்தை இருக்கு. குதிகால் பக்கம் கடிச்சு இழு, சுளுவா வரும். நாடாவும் நல்ல நூலு."

"ஐயையோ, அது அம்மா போடுதது இல்லையா?"

"வேண்டாம்னு வெச்சதுட்டி. யாரும் கேக்க மாட்டாங்க."

அணிலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால் பிறர் பொய்யும் தெரியாது. சரசரவென்று கீழே இறங்கியது.

ஷூக்கள் வெயிலில் காய்ந்து வந்த களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தன. விழித்துக் கத்தியபோது பாதி மெத்தை வெளியே வந்திருந்தது. "பெரியம்மா! பெரியம்மா, விரட்டுங்க!" என்று மேலே பார்த்துத்தான் கூப்பிட்டன. அணிலுக்கு வாய் நிறையப் பஞ்சு, காதில் எதுவும் விழவில்லை. பை ஆணியில் கிடந்து துடித்தது. அணில் நாலைந்து தடவை போய்ப் போய் வந்தது.

டின் மட்டும் சுவரைப் பார்த்தபடியே இருந்தது.

*

மறுநாள் காலையில் கிருபாவதி ஷூவைக் கையில் எடுத்தாள். விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். குதிகால் பக்கம் வெறும் ஓடு. நாடா துண்டு துண்டாக இருந்தது.

"அட, அணிலுப் பிள்ளை வேலையா?" என்றாள். கோபப்படவில்லை. "பிள்ளை வாங்கித் தந்தது. அவன்ட்ட எப்படிச் சொல்ல?"

அவள் நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைக்கு நாள் நெருங்கியிருந்தது. செருப்பு தைக்கிறவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று முந்தின நாள்தான் யாரோ சொன்னார்கள். வீட்டுச் செருப்பைப் போட்டு ஓடிப் பார்த்தாள், வாசலிலேயே வழுக்கியது.

"சின்ன வயசுல வெறுங்காலோட ஓடாத ஓட்டமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கீழ்த்தட்டு காலியாகக் கிடக்கும், இனி தன்னைத்தான் பார்ப்பாள் என்று நினைத்திருந்த டின்னுக்கு ஏமாற்றம். ஷூ இல்லாமலும் போகிறாளே!

வெயில் ஏறும் நேரத்தில் கதவு திறந்தது. கிருபாவதி வழக்கம்போல ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி உள்ளே வந்தாள். தண்ணீர் குடித்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

டின்தான் முதலில் பார்த்தது. பின்கதவிலிருந்து அடுப்படி வரைக்கும் தரையில் சிவப்புச் சிவப்பாக அடி பதிந்திருந்தது.

"ஏட்டி!" என்றது டின். "ஏட்டி, அது என்னது தரையில?"

பை பார்த்தது. "ரத்தம்க்கா."

"அவ ஏன் பாட்டு பாடிட்டு நிக்கா? வலிக்கலையா அவளுக்கு?"

"சக்கர வியாதிக் கால்க்கா. மரத்துப் போயிருக்கும். குத்துனது தெரியாது. போன மாசம் அதப் பத்தின புஸ்தகத்தத்தான் எனக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்தாங்க. காலுல சின்னப் புண்ணு வந்தாலும் ஆபத்துன்னு மல்லிகாம்மாவும் சொன்னாங்க."

"அம்மா! கீழ பாருங்கம்மா!" என்று ஷூக்கள் கத்தின. டின்னும் கத்தியது. தகரத்தின் குரல் மனுஷர் காதுக்கு எட்டுமா? கிருபாவதி தோசை சுட்டாள், சட்னி அரைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியபோதுதான் தரையைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "என் இயேசுவே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பாதத்தில் ஒரு கண்ணாடித் துண்டு ஆழமாக ஏறியிருந்தது.

*

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டு வந்தாள். ஜெபசிங் போனில் போட்ட சத்தம் அலமாரி வரைக்கும் கேட்டது. "வெறுங்காலோட யாரும்மா உங்கள ஓடச் சொன்னா? விரலை எடுக்கணும்னு ஆச்சுன்னா என்ன செய்வீங்க?" பிறகு அவன் சத்தம் அடங்கிவிட்டது. அழுதிருப்பான் போல. "சரி சரி, அழாதய்யா, ஒண்ணும் ஆகாது" என்று இவள்தான் அவனைத் தேற்றினாள்.

கால் தரையில் படக்கூடாது. ஓட்டம் கிடையாது. நூலகமும் கிடையாது. படுக்கையே கதி.

"ஏட்டி" என்றது டின் ஒரு நாள், வெகு நேரம் தயங்கிவிட்டு. "அன்னைக்கு நூலகத்துல என்ன சொன்னா?"

இப்போது அதைச் சொல்வது அடிப்பதற்குச் சமம் என்று பைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கேட்ட பிறகு மறைப்பதும் அதன் சுபாவமில்லை.

"மல்லிகாம்மா கேட்டாங்க, 'இந்த வயசுல எதுக்கும்மா இப்படி ஓடுதீங்க, நடந்தாப் போதாதா'ன்னு. அதுக்கு அம்மா சொன்னாங்க, 'சக்கர இறங்கிருச்சுன்னா இந்தக் கிறிஸ்மஸுக்கு கேக் போட்டுக்கோங்கன்னு மகன் சொல்லிருக்கான். நான் தின்னணும்னு இல்ல மல்லிகா. தெருவுல எல்லாருக்கும் ஒரு துண்டு குடுக்கணும். என் டின்னு அலமாரி மேல சும்மா உக்காந்திருக்கு. காலையில அதப் பாத்துட்டுத்தான் வெளிய இறங்குதேன்'னு."

டின் இந்த முறை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

"அதத்தான் சொல்ல வந்தேன்க்கா. உங்களக் கீழ இறக்கத்தான் அந்தப் பிள்ளைங்க ஓடிட்டு இருந்துச்சு. அதுங்களுக்கும் இது தெரியாது. சும்மா சந்தோஷத்துக்கு ஓடுதோம்னு நெனச்சு ஓடிச்சு."

கீழே ஷூக்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. காயம்பட்ட நாளிலிருந்து இரண்டும் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும், "நாம முழுசா இருந்திருந்தா அம்மாவுக்குக் குத்திருக்காதுல்ல?" என்று ஒன்று கேட்கும். "ஆமா" என்று மற்றது சொல்லும். அவ்வளவுதான். தப்பு முழுவதும் தங்களுடையது என்று அவை நம்பிக்கொண்டிருந்தன. டின்னால் அதைத்தான் கேட்கப் பொறுக்கவில்லை.

*

டிசம்பர் வந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாக வெண்ணெய் வாசனை கிளம்பியது. ஒரு மதியம் பின்சந்து வழியாக டின்கள் போகும் சத்தம் கேட்டது. மூன்றாம் வீட்டு டின், மாடி வீட்டு வட்ட டின், எல்லாம் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு பேக்கரிக்குப் போயின.

"கிருபா டின் வரலையா?" என்று ஒன்று கேட்டது.

"அதுக்கு என்னமோ ஆயிட்டாம்" என்றது இன்னொன்று.

நம் டின் தலை குனிந்துகொண்டது. போன வருஷமாக இருந்தால் அவற்றைப் பார்த்தும் வயிறு எரிந்திருக்கும். இப்போது எரிவதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவைப் பார்க்க ஜெபசிங் வந்து இறங்கினான். கிருபாவதி ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு அலமாரிப் பக்கம் வந்து, மேலே கையைக் காட்டினாள்.

"அத எடுத்துத் தாய்யா."

அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் அதை வெந்நீரில் கழுவினாள். வெயில் பட்டுக் காய்ந்த துணியால் துடைத்தாள். உள்ளே வெள்ளைக் காகிதம் விரித்தாள். எல்லாம் அந்தப் பழைய முறை. டின்னின் மனசுக்குள் ஒரு மூலையில், வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், ஒரு ஆசை எழுந்தது.

அவள் காகிதத்தின்மேல் பஞ்சை வைத்தாள். கட்டுத்துணிச் சுருளை வைத்தாள். மருந்துப் புட்டியையும் சின்னக் கத்தரிக்கோலையும் வைத்தாள்.

"நர்சம்மா எல்லாத்தையும் சுத்தமா ஒரே இடத்துல வைக்கச் சொன்னாங்க. இத விடச் சுத்தமானது நம்ம வீட்டுல எது இருக்கு?" என்று மகனிடம் சொல்லிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் டின்னின் விளிம்பில் வைத்துக் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இந்தக் காலை நல்லாக்கித் தாரும்."

எந்த ஜெபத்துக்காக அது அத்தனை நாள் ஏங்கியதோ, அந்த ஜெபம் திரும்பி வந்தது. அந்தக் கைகளின் சூடு, எந்த அடுப்பின் சூட்டையும்விட அதிகமாகச் சுட்டது.

குனிய வசதியாக இருக்கட்டும் என்று டின்னைக் கீழ்த்தட்டில், ஷூக்களுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"பெரியம்மா!" என்றது ஒரு ஷூ. "உங்களக் கீழ இறக்கிட்டாங்களா!"

"அம்மாவுக்கு ஒத்தாசையா வந்துட்டீங்களா? எங்களால ஆகலை, நீங்களாவது பாத்துக்கோங்க" என்றது மற்றது.

டின் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் கம்பியில் சரசரப்புக் கேட்டது. அணில். உடம்பு மெலிந்து, முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா! மேல தேடுதேன், நீங்க இங்க இருக்கீங்களா? நீங்க சொன்ன மாதிரியே அது அருமையான பஞ்சுக்கா! வேண்டாத ஷூன்னு நீங்க சொல்லலைன்னா எனக்குக் கை வந்திருக்குமா? உங்க புண்ணியத்துல மூணு பிள்ளைங்களும் சுகமாத் தூங்குது!"

பை ஆடாமல் தொங்கியது. டின்னுக்கு ஓடி ஒளிய இடமில்லை. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் ஷூக்கள்.

"நான்தான் சொன்னேன்" என்றது டின். "அது சொல்லுதது நெசம். நான்தான் சொன்னேன்."

ஷூக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வெகு நேரம் பார்த்துக்கொண்டன. பிறகு அவற்றில் ஒன்று அணிலிடம் திரும்பியது.

"மூணுமா?" என்றது.

"மூணும்தான்."

"குளிரு காலமாச்சே. மெத்தை போதுமா அதுகளுக்கு?"

"போதும் தம்பி. மூணும் அதுக்குள்ளேயே பொதிஞ்சு கெடக்கு."

"சரி" என்றது மற்ற ஷூ. "வீணாப் போகலையே."

டின்னிடம் அவை ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை. அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று டின்னுக்கு இருந்தது.

*

அந்தக் கிறிஸ்மஸுக்கும் அந்த வீட்டில் கேக் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து துண்டு துண்டாக வந்ததை ஜெபசிங் சாப்பிட்டான். கிருபாவதி வாசனை மட்டும் பார்த்துவிட்டு, "மாடி வீட்டுக்காரி ஜாதிக்காய் கொஞ்சம் கூடப் போட்டுட்டா" என்றாள்.

தினமும் டின் கீழிருந்து அந்தக் காலைப் பார்த்தது. தன் மடியிலிருந்து பஞ்சு போகும், கட்டுத்துணி போகும். புண்ணின் நிறம் மாறுகிறதா, வீக்கம் வடிகிறதா என்று பார்த்துப் பார்த்து, அதற்குத் தன் நினைப்பே அற்றுப்போனது. ஒரு நாள் ஷூக்களிடம் அதுவாகவே கேட்டது:

"அன்னைக்கு ஒரு கீரிப்பிள்ளைன்னு சொன்னீங்களே. அப்புறம் அது என்ன ஆச்சு?"

ஷூக்கள் சற்றுத் தயங்கின. பிறகு ஒன்று மெல்ல ஆரம்பித்தது. மற்றது சேர்ந்துகொண்டது.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு நெருங்கும்போது புண் முழுவதும் ஆறியது. ஜெபசிங் புது ஷூ வாங்கித் தருகிறேன் என்றான். கிருபாவதி வேண்டாமென்றுவிட்டாள். செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து உள்ளே புது மெத்தை வைத்துத் தைத்து வாங்கிவந்தாள். டின்னைக் கழுவித் துடைத்தாள். மேலே ஏற்றவில்லை. கையெட்டும் நடுத்தட்டில் வைத்தாள். அடுத்த கிறிஸ்மஸுக்கு அதற்கு வேலை வருமா வராதா, அது அவள் சொல்லவில்லை, டின்னும் நினைக்கவில்லை.

டாக்டர் ஓடலாம் என்று சொன்ன மறுநாள் காலை, அவள் அலமாரிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். குனிந்து புது நாடாவை இறுக்கிக் கட்டினாள். கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, என் காலுக்குப் பெலன் தாரும்."

நடுத்தட்டிலிருந்து, "ஆமென்" என்று ஒரு தகரக் குரல் வந்தது.

கிருபாவதிக்கு அது கேட்கவில்லை. ஷூக்களுக்குக் கேட்டது.